மொரெய்ன் லேக் போறீங்களா? தேதி பாக்குறதுல இருந்து கடைசி பஸ் வரைக்கும் முழு வழிகாட்டி

மொரெய்ன் லேக்குக்கு நான் மொத தடவ போனது ஜூன் மொத வாரம். போட்டோல எல்லாம் அந்த தண்ணி மயில் கழுத்து கலர்ல மின்னும், நாங்க போய் இறங்குனப்ப பாதி ஏரி ஐஸ் புடிச்சு வெள்ளையா கெடந்துச்சு, மீதி பாதி சாம்பல் கலர், தண்ணி கீழ இறங்கி கரையோரம் வெறும் கல்லும் சேறும் தான், கூட வந்த பசங்க இதுக்கா இவ்ளோ தூரம் வந்தோம்னு கேட்டுட்டாங்க. அடுத்த வருஷம் ஜூலை மூணாவது வாரம் அதே பசங்களோட திரும்ப போனோம். அன்னைக்கு பஸ்ஸ விட்டு இறங்கி நாலு அடி நடந்ததும் எல்லாரும் பேச்ச நிறுத்திட்டாங்க. ஏரி அதே ஏரி தான், தேதி தான் வேற. அதனால இந்த வழிகாட்டிய டிக்கெட்ல இருந்து ஆரம்பிக்காம தேதில இருந்து ஆரம்பிக்கிறேன்.

ஏரி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். கனடாவுல ஆல்பர்ட்டா மாகாணம், பான்ஃப் நேஷனல் பார்க்குக்குள்ள, கால்கரில இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்கு கொஞ்சம் கூட. கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,884 மீட்டர், அதாவது ஊட்டியவிட உயரம் கம்மி தான், ஆனா பூமில அவ்ளோ வடக்க இருக்கறதால ஊட்டி குளிரையும் இந்த குளிரையும் ஒண்ணா நெனைக்காதீங்க. ஏரி பெருசு கிடையாது, அரை சதுர கிலோமீட்டர் தான் இருக்கும். சுத்தி ஸ்ப்ரூஸ், ஃபர் மரக்காடு, அதுக்கு மேல நேரா செங்குத்தா எழும்புற பத்து சிகரம், அதனால தான் அந்த பள்ளத்தாக்குக்கே பத்து சிகரங்களோட பள்ளத்தாக்குன்னு பேரு. 1969 வரிசை கனடா 20 டாலர் நோட்டுக்கு பின்னாடி இருக்கிற படம் இந்த ஏரி தான்.

ஸ்டெப் 1: தேதிய முடிவு பண்ணுங்க, அதுக்கு மொதல்ல கலர் எங்க இருந்து வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க

மேல இருக்கிற பனிப்பாறை, அதாவது கிளேசியர், ஒரே எடத்துல நிக்கிற ஐஸ் கட்டி இல்ல, தன்னோட எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமா கீழ நகந்துக்கிட்டே இருக்கும், அப்படி நகரும்போது அடியில மாட்டுன கல்லையெல்லாம் பாறையோட வச்சு அம்மி மாதிரி அரைக்குது. அரைச்சு வர்ற தூள் கோலமாவவிட நைஸா இருக்கும், அதுக்கு பாறை மாவுன்னே பேரு. கோடையில ஐஸ் உருகும்போது இந்த மாவும் சேந்து ஓடைல இறங்கி வருது, அந்த ஓடைத் தண்ணிய கிட்ட போய் பாத்தா அரிசி கழுவுன தண்ணி மாதிரி கலங்கலா தான் இருக்கும். ஏரிக்குள்ள வந்ததும் கனமான மண்ணு அடியில படிஞ்சிடும், இந்த மாவு மட்டும் அவ்ளோ சீக்கிரம் படியாம தண்ணிக்குள்ளயே மிதக்கும். சூரிய வெளிச்சத்துல இருக்கிற சிவப்ப தண்ணியே உறிஞ்சிடுது, மிச்சம் இருக்கிற நீலத்தையும் பச்சையையும் இந்த தூள் நாலா பக்கமும் சிதறடிக்குது, நம்ம கண்ணுக்கு வர்றது அது தான்.

இது புரிஞ்சா தேதி தானா புரிஞ்சிடும். ஐஸ் நல்லா உருகணும், மாவு வந்து சேரணும், ஏரி நெறையணும், வெயில் உச்சில இருக்கணும். இது எல்லாம் ஒண்ணா கூடி வர்ற காலம் ஜூன் கடைசில இருந்து ஆகஸ்ட் வரைக்கும். ஜூன் மொத பாதில ரோடு திறந்திருக்கும், பஸ் ஓடும், ஆனா ஏரி ரெடியா இருக்காது, என் மொத பயணம் மாதிரி ஆயிடும். லீவு ஒரே ஒரு வாரம் தான் கெடைக்கும்னா ஜூலை ரெண்டாவது இல்ல மூணாவது வாரத்த எடுத்துக்கோங்க, கண்ண மூடிட்டு சொல்லுவேன்.

இன்னொரு நல்ல காலம் செப்டம்பர் கடைசி. ஏரிக்கு மேல லார்ச் பள்ளத்தாக்குன்னு ஒண்ணு இருக்கு, லார்ச்ங்கிறது ஊசியிலை மரம் தான் ஆனா மத்த ஊசியிலை மரம் மாதிரி வருஷம் பூரா பச்சையா இருக்காது, குளிர் வர்றதுக்கு முன்னாடி மொத்த மரமும் தங்க மஞ்சளா மாறி அப்பறம் இலைய உதிர்த்திடும். அந்த மஞ்சள் ரெண்டு வாரம் நின்னா பெருசு. அந்த சமயத்துல கூட்டமும் அதிகம், குளிரும் அதிகம், ஆனா நடக்க முடிஞ்சவங்களுக்கு அது வேற ஒரு அனுபவம். அக்டோபர் நடுவுல இருந்து ரோடே மூடிடுவாங்க, பனிச்சரிவு விழுற பாதை அது, அதனால குளிர்காலத்துல பாக்கணும்ங்கிற ஆசைய விட்டுடுங்க.

ஸ்டெப் 2: சொந்த கார் போகாது, அத மனசுல ஏத்திக்கோங்க

நெறைய பேர் ஏமாந்து திரும்புறது இங்க தான். 2023ல இருந்து மொரெய்ன் லேக் ரோட்டுல தனியார் கார் போக அனுமதி இல்ல, வாடகைக் காரும் அப்படி தான், காலைல 3 மணிக்கு போனாலும் விடமாட்டாங்க. மேப்ல மொரெய்ன் லேக்னு போட்டு ஓட்டிட்டு வந்து, திருப்பத்துல காவலுக்கு நிக்கிற ஆளுங்க திருப்பி அனுப்புன காரெல்லாம் பாத்திருக்கேன், பாவமா இருக்கும். மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் பர்மிட் வச்சிருக்கவங்க மட்டும் சொந்த வண்டில போகலாம், ஆனா அங்க இடம் கொஞ்சம் தான், நடக்க முடியாத அப்பா அம்மாவ கூட்டிட்டு போறவங்க இத தெரிஞ்சு வச்சுக்கோங்க. சைக்கிள்லயும் போகலாம், ஏத்தம் தான், கால் பழக்கம் இருக்கணும்.

மத்தவங்களுக்கு வழி இது தான். பார்க்ஸ் கனடா, அதாவது நேஷனல் பார்க்க பாத்துக்கிற அரசு அமைப்பு, விடுற ஷட்டில் பஸ், ஜூன் 1ல இருந்து அக்டோபர்ல வர்ற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வரைக்கும் ஓடுது, பக்கத்துல இருக்கிற லேக் லூயிஸ் ஸ்கீ ரிசார்ட்ல இருக்கிற பார்க் அண்ட் ரைடுல இருந்து கெளம்பும், அங்க கார இலவசமா நிறுத்தலாம். அதனால ஜிபிஎஸ்ல ஸ்கீ ரிசார்ட்ட போடுங்க, ஏரிய போடாதீங்க. இது இல்லாம தனியார் டூர் பஸ்ஸும் நெறைய இருக்கு, காசு கூட ஆகும் ஆனா பான்ஃப் ஊர்ல நீங்க தங்குற எடத்துக்கு பக்கத்துலயே ஏத்திக்குவாங்க. ஏரிக்கரைல இருக்கிற லாட்ஜ்ல ரூம் போட்டவங்களுக்கு இந்த கவலை எதுவும் இல்ல, பட்ஜெட் இருந்தா பாருங்க.

ஸ்டெப் 3: ஷட்டில் டிக்கெட் எடுக்கிறது

இத கொஞ்சம் பொறுமையா படிங்க, ட்ரிப்போட பாதி வெற்றி இதுல இருக்கு. சீட்ட ரெண்டு தவணையா திறக்குறாங்க. சுமார் 40 சதவீதம் ஏப்ரல் மாசத்துல ஒரே நாள்ல திறக்கும், அந்த நாள முன்கூட்டியே பார்க்ஸ் கனடா தளத்துல அறிவிச்சிடுவாங்க. மிச்சம் 60 சதவீதம் நீங்க போற நாளுக்கு ரெண்டு நாள் முன்னாடி காலைல 8 மணிக்கு திறக்கும், அது ஆல்பர்ட்டா நேரம். டொரண்டோல இருக்கவங்களுக்கு அது காலை 10 மணி, லண்டன்ல இருக்கவங்களுக்கு மதியம் 3 மணி, நம்ம ஊர்ல இருந்து புக் பண்றவங்களுக்கு சாயங்காலம் ஏழரை. இந்த நேரக் கணக்குல தப்பு பண்ணி ரெண்டு மணி நேரம் லேட்டா போய் உக்காந்தா நல்ல ஸ்லாட் எல்லாம் போயிருக்கும்.

ஏப்ரல்ல கெடைக்கலன்னு மனசு ஒடஞ்சு ட்ரிப்ப கேன்சல் பண்ணிடாதீங்க, பாதிக்கு மேல சீட்டு அந்த ரெண்டாவது தவணைல தான் இருக்கு. அக்கவுண்ட முந்தின நாளே ஓபன் பண்ணி, கார்டு விவரமெல்லாம் ரெடியா வச்சு, அஞ்சு நிமிஷம் முன்னாடியே லாகின் பண்ணிடுங்க, வரிசை எண் குடுத்து உள்ள விடுவாங்க, நடுவுல ரிஃப்ரெஷ் பண்ணாதீங்க. குழந்தைங்களுக்கும் சேத்து தலைக்கு ஒரு சீட் புக் பண்ணணும். போற டைம்க்கு மட்டும் தான் ஸ்லாட், திரும்புறது உங்க இஷ்டம், வரிசைல நின்னு ஏறிக்கலாம்.

இப்ப முக்கியமான விஷயம். மொரெய்ன் டிக்கெட் தீந்துபோச்சுன்னா, பக்கத்துல இருக்கிற இன்னொரு ஏரி லேக் லூயிஸ், அதுக்கு போற ஷட்டில் டிக்கெட் எடுங்க. ரெண்டு ஏரிக்கும் நடுவுல லேக் கனெக்டர்னு ஒரு பஸ் ஓடுது, எந்த ஏரிக்கு ஷட்டில் டிக்கெட் வச்சிருந்தாலும் அதுல ஏறலாம், தனி புக்கிங் கிடையாது, முதல்ல வந்தவங்களுக்கு முதல் இடம். பான்ஃப்ல இருந்து ரோம் (Roam)ங்கிற உள்ளூர் பஸ்ல சூப்பர் பாஸ் எடுத்து வர்றவங்களும் இந்த கனெக்டர்ல ஏறலாம், காரே இல்லாம வந்தவங்களுக்கு அது நல்ல வழி. கனெக்டர நம்பி போறவங்க காலைலயே போயிடுங்க, மதியத்துக்கு மேல வரிசை நீண்டுகிட்டே போகும்.

ஷட்டில் டிக்கெட்டும் பார்க் நுழைவுப் பாஸும் வேற வேற, பாஸும் கைல இருக்கணும். டிக்கெட்ட போன்ல டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, ஏரிகிட்ட போன் சிக்னல நம்பவே முடியாது.

ஸ்டெப் 4: எந்த நேரத்துக்கு ஸ்லாட் எடுக்கிறது

எல்லாரும் நின்னு போட்டோ எடுக்கிற அந்த இடம் ஏரியோட வடகிழக்கு முனைல இருக்கு, நீங்க தென்மேற்க பாத்து நிப்பீங்க. அப்ப காலைல சூரியன் உங்க முதுகுக்கு பின்னாடி எழும்பி முதல் வெளிச்சம் நேரா எதிர்ல இருக்கிற சிகரத்து மேல அடிக்கும், மேல நுனி ஆரஞ்சா ஆரம்பிச்சு வெளிச்சம் மெல்ல கீழ இறங்கி வரும், அந்த இருபது நிமிஷத்துக்காகவே ஆளுங்க ராத்திரி எந்திரிச்சு வர்றாங்க. இதுக்குன்னே அதிகாலை 4 மணி, 5 மணி ஷட்டில் விட்டிருக்காங்க, ஜூன் ஜூலைல அஞ்சரைக்கெல்லாம் விடிஞ்சிடும்ங்கிறதால 4 மணி பஸ் தான் சரி. டைமிங் வருஷத்துக்கு வருஷம் மாறலாம், புக் பண்ணும்போது ஒரு தடவ பாத்துக்கோங்க.

ஆனா விடியக்காலைல ஏரி இன்னும் நெழல்ல தான் இருக்கும், தண்ணி கரும்பச்சையா தெரியும். அந்த எலக்ட்ரிக் நீலம் வேணும்னா வெயில் தண்ணி மேல நேரா விழணும், அதுக்கு 9 மணில இருந்து மதியம் வரைக்கும் நல்ல நேரம். மதியத்துக்கு மேல சூரியன் சிகரத்து பக்கமா போயிடும், போட்டோல மலை கருப்பா விழும். குடும்பமா குழந்தைங்களோட போறவங்களுக்கு நான் சொல்றது காலை 7ல இருந்து 9க்குள்ள ஒரு ஸ்லாட்.

ஸ்டெப் 5: பையில என்ன

ஜூலை தானேன்னு டீஷர்ட்டோட போயிடாதீங்க, அந்த உயரத்துல எந்த மாசமும் பனி விழலாம். உள்ள ஒரு டீஷர்ட், மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல காத்தும் மழையும் தாங்குற ஜாக்கெட், இப்படி கழட்டி மாட்டுற மாதிரி போடுங்க. காலைல குளிருக்கு தொப்பியும் கிளவுஸும் வேணும், பதினோரு மணிக்கு சன்ஸ்கிரீன் வேணும். கிரிப் இருக்கிற ஷூ, தண்ணி, சாப்பாடு. அங்க சின்ன கஃபே ஒண்ணு இருக்கு, ஆனா ஒரு குடும்பத்துக்கு நாள் பூரா அத நம்ப முடியாது.

கரடி ஸ்ப்ரே, அதாவது கரடி கிட்ட வந்தா அத பாத்து அடிக்கிற மிளகாய் ஸ்ப்ரே, வாங்குங்க. கரையோரம் கூட்டத்தோட நிக்கிறதுக்கு அவசியப்படாது, ஆனா காட்டுப்பாதைல கால் வைக்கிறதா இருந்தா கட்டாயம் வேணும். ஃப்ளைட்ல கொண்டு வர முடியாது, செக்-இன் பேக்லயும் கூடாது, அதனால பான்ஃப்லயோ லேக் லூயிஸ்லயோ வாங்கிக்கோங்க, வாடகைக்கும் கெடைக்குது. வாங்குனத பைக்குள்ள அடியில போட்டு வச்சா பிரயோஜனம் இல்ல, இடுப்பு பெல்ட்ல கை எட்டுற எடத்துல மாட்டணும், சேஃப்டி கிளிப்ப எப்படி எடுக்கிறதுன்னு ரூம்லயே பாத்து வச்சுக்கோங்க.

ஸ்டெப் 6: இறங்குனதும் மொதல்ல ராக்பைல்

பஸ் விட்டு இறங்குன எடத்துக்கு பக்கத்துலயே பாறைங்க குவிஞ்சு ஒரு மேடு மாதிரி நிக்கும், அது தான் ராக்பைல். பின்பக்கமா படி கட்டியிருக்காங்க, சில நூறு மீட்டர் தூரம் தான், மெதுவா ஏறுனாலும் பதினஞ்சு நிமிஷம். தயவுசெஞ்சு முன்பக்கம் பாறை மேல தவ்வி ஏறாதீங்க, பெரிய பெரிய கல்லு, நடுவுல ஆழமான சந்து, கால் மாட்டுனா முறிஞ்சிடும். மேல இருந்து பாத்தா ஏரியோட கலர் கீழ இருந்து பாக்குறதவிட ரெண்டு மடங்கு அடர்த்தியா தெரியும், கீழ நிக்கும்போது தண்ணி மேல வானம் தான் பிரதிபலிக்கும், மேல இருந்து பாத்தா பார்வை தண்ணிக்குள்ள எறங்குது.

இந்த மேடு தான் ஏரிக்கே அணை. 1899ல வால்டர் வில்காக்ஸ்னு ஒருத்தர் இந்த ஏரிக்கு பேர் வச்சாரு, கிளேசியர் தள்ளிட்டு வந்து குவிச்ச மண்ணும் கல்லும் சேந்த மேட்டுக்கு மொரெய்ன்னு பேரு, இந்த குவியல் அப்படி வந்ததுன்னு நெனச்சு ஏரிக்கும் அதே பேர வச்சாரு. இப்ப புவியியல் ஆளுங்க சொல்றது என்னன்னா இது பெரும்பாலும் பக்கத்துல இருக்கிற டவர் ஆஃப் பேபல் மலைல இருந்து சரிஞ்சு விழுந்த பாறைன்னு. பேரு மட்டும் மாறல. நீங்க ஏறுற அந்த கல்லு குவார்ட்சைட், 50 கோடி வருஷத்துக்கு முன்னாடி கடலோர மணலா கெடந்தது, சில கல்லுல அலை வரிவரியா போட்ட தடம் இன்னமும் தெரியும், நம்ம பீச்ல தண்ணி இறங்குனதும் மணல்ல தெரியுமே அதே வரி. பசங்கள தேட விடுங்க, என் பசங்க அரை மணி நேரம் நகரவே இல்ல.

அந்த பாறை சந்துல பிக்கான்னு ஒரு சின்ன பிராணி இருக்கும், பாக்க எலி மாதிரி, உண்மைல முயலுக்கு சொந்தம். கோடை பூரா புல்ல கடிச்சு கொண்டு போய் காய வச்சு குளிர்காலத்துக்கு சேத்து வைக்கும், கீச்சுன்னு ஒரு சத்தம் வந்தா அது தான். அணிலும் காலடிக்கே வரும், சாப்பாடு போடாதீங்க, சட்டப்படி தப்பு, அதுங்களுக்கும் கெடுதல்.

ஸ்டெப் 7: கூட்டத்த விட்டு கரையோரமா நடங்க

வர்றவங்கள்ல நெறைய பேர் ராக்பைல்ல போட்டோ எடுத்துட்டு அடுத்த பஸ்ல திரும்பிடுறாங்க, எனக்கு அது தான் தாங்காது. லாட்ஜ தாண்டி வலது கரையோரமா ஒரு பாதை போகுது, ஒரு பக்கத்துக்கு ஒன்றரை கிலோமீட்டர், மேடு பள்ளம் இல்ல, குழந்தைங்களும் பெரியவங்களும் தாராளமா போகலாம். பத்து நிமிஷம் நடந்ததும் கூட்டத்தோட சத்தம் அடங்கிடும், அப்பறம் ஸ்ப்ரூஸ் மரத்து வாசனையும் தண்ணி கல்லுல தட்டுற சத்தமும் தான், மரத்துக்கு நடுவுல அந்த நீலம் விட்டு விட்டு கூடவே வரும். கடைசில மரப்பலகை பாலம் போட்டிருப்பாங்க, மேல பனிலயிருந்து வர்ற ஓடை அங்க தான் ஏரில கலக்குது, நான் மேல சொன்ன கதையோட ஆரம்பம் அந்த இடம். அங்க உக்காந்து தான் நாங்க மதிய சாப்பாடு சாப்பிட்டோம். சாப்பிட்ட குப்பைய ஒரு துண்டு விடாம பைல போட்டு எடுத்துட்டு வாங்க, சாப்பாட்டு வாசனைக்கு பழகுன கரடி கடைசில உயிரோட இருக்கிறதில்ல.

இன்னும் நடக்கணும்னா கன்சொலேஷன் லேக்ஸ், ஒரு பக்கத்துக்கு 3 கிலோமீட்டர், லேசான ஏத்தம். அதுக்கும் மேல தெம்பு இருந்தா லார்ச் பள்ளத்தாக்கு, ஒரு பக்கம் நாலேகால் கிலோமீட்டருக்கு சுமார் 535 மீட்டர் உயரம் ஏறணும், வளைஞ்சு வளைஞ்சு போற பாதை, மூச்சு வாங்கும். இந்த பாதைங்கள்ல கிரிஸ்லி கரடி நடமாட்டத்த பொறுத்து நாலு பேர் சேந்து தான் போகணும்னு உத்தரவு போடுவாங்க, அது அறிவுரை இல்ல, சட்டம், நாலு பேரும் ஒட்டியே நடக்கணும். நீங்க ரெண்டு பேர் தான்னா பாதை ஆரம்பத்துல நில்லுங்க, உங்கள மாதிரி ரெண்டு பேர் வருவாங்க, சேந்து போகலாம், எல்லாரும் அப்படி தான் பண்றாங்க. நடக்கும்போது சத்தமா பேசிக்கிட்டே போங்க, வளைவுல கை தட்டுங்க, குட்டி மணி கட்டிக்கிட்டு போறது போதாது. கரடியோ ஓநாயோ தெரிஞ்சா 100 மீட்டர் தள்ளி நிக்கணும், மான் மாதிரி பிராணிங்களுக்கு 30 மீட்டர். ட்ரோன் பறக்க விடக்கூடாது.

ஸ்டெப் 8: தண்ணி

கனூ, அதாவது துடுப்பு போடுற சின்ன படகு, வாடகைக்கு எடுக்கலாம், லாட்ஜ் பக்கம் படகுத்துறை இருக்கு, முன்பதிவு இல்லாம வரிசைல நின்னு தான், விலை கூட. லைஃப் ஜாக்கெட்ட எந்த காரணத்துக்காகவும் கழட்டாதீங்க, போட்டோ நல்லா வராதுன்னு கழட்டுறவங்கள பாத்திருக்கேன், வயிறு கலங்கிடுச்சு.

ஏன்னா அந்த தண்ணி உருகுன ஐஸ். நீச்சல் தெரியும்ங்கிறது அங்க எடுபடாது. குளிர்ந்த தண்ணி ஆபத்துக்கு கனடாவுல 1-10-1ன்னு ஒரு கணக்கு சொல்லித் தர்றாங்க: விழுந்ததும் முதல் 1 நிமிஷம் மூச்சு கட்டுப்பாட்டுல இருக்காது, தன்னால இழுக்கும், அப்ப வாய் தண்ணிக்குள்ள இருந்தா அவ்ளோ தான், அதுக்கப்பறம் சுமார் 10 நிமிஷம் தான் கைகால் சொன்ன பேச்சு கேக்கும், சுமார் 1 மணி நேரத்துல நினைவு தப்பும். அந்த முதல் நிமிஷத்துல முகத்த தண்ணிக்கு மேல வச்சிருக்கிறது லைஃப் ஜாக்கெட் மட்டும் தான். காலு நனைக்கணும்னு ஆசையா இருந்தா கரையோரம் உக்காந்து நனைங்க, அரை நிமிஷத்துல நீங்களே எடுத்துடுவீங்க. ஈரக் கல்லு மேல குழந்தைங்கள தனியா விடாதீங்க.

ஸ்டெப் 9: திரும்புறது

மதியம் 2 மணிக்கு மேல எல்லாரும் ஒரே நேரத்துல கெளம்புவாங்க, பஸ் வரிசை நல்லா நீளும், நாங்க முக்கால் மணி நேரம் நின்னோம், வெயில் மலைக்கு பின்னாடி போனதும் குளிர் சட்டுன்னு ஏறுது, அதனால ஜாக்கெட்ட பையோட அடியில போடாதீங்க. நேரம் இருந்தா அதே டிக்கெட்ல கனெக்டர் ஏறி லேக் லூயிஸையும் பாத்துட்டு அங்க இருந்து பார்க் அண்ட் ரைடுக்கு திரும்பலாம், அதுவும் கிளேசியர் ஏரி தான், கலர் மட்டும் கொஞ்சம் பால் கலந்த மாதிரி வேறயா இருக்கும். கனெக்டர் சாயங்காலத்தோட நின்னுடும், ஷட்டிலும் அதுக்கப்பறம் ரொம்ப நேரம் ஓடாது, தவற விட்டா அந்த ரோட்டுல வேற வண்டி கெடைக்கிறது கஷ்டம். காலைல இறங்குன உடனே ஸ்டாப் போர்டுல இருக்கிற கடைசி பஸ் டைம ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, லார்ச் பள்ளத்தாக்கு ஏறுறவங்க அந்த டைம்ல இருந்து பின்னாடி எண்ணி, எத்தன மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பணும்னு மலை ஏறுறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடுங்க.